ஈயம் உருக்கிய முற்றத்தில் என்ன நடலாம்?



கிண்ணியாப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மாமா, அதாவது கணவரின் வாப்பா, கடற்றொழில் செய்கிறவர். வீச்சுவலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளைப் பல வருடங்களாக வீட்டு முற்றத்திலேயே வார்த்து வந்திருக்கிறார். பழைய பற்றரியை உடைத்து, உள்ளே இருக்கும் தகடுகளைத் தாச்சியில் போட்டு, விறகடுப்பில் உருக்கி அச்சில் ஊற்றுவது வழக்கம். வழிந்த அசிட், உதிர்ந்த தூள், மேலே மிதந்த கசடு எல்லாம் குசினிக்கும் கிணற்றடிக்கும் நடுவில் உள்ள மண்ணில் விழுந்திருக்கின்றன. அதே இடத்தில் இப்போது மூன்று பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

சூரியகாந்தியும் கடுகும் நட்டால் அவை மண்ணிலுள்ள ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிடும் என்று மூத்த மகள் பள்ளிக்கூடத்தில் கேட்டு வந்து சொன்னாளாம். அது உண்மையா, அந்த இடத்தில் கீரை போட்டுப் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுக்கலாமா என்று கேட்கிறார். மாமாவிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை என்பதையும் கடைசியில் ஒரு வரியாக எழுதியிருக்கிறார்.

கீரை விஷயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது இன்று சமையலுக்குப் போகிற விஷயம். வேண்டாம். அந்த மண்ணில் முளைத்த கீரையையும், மரவள்ளி, வற்றாளை போன்ற கிழங்குகளையும் சமைக்காதீர்கள். வேர் வழியாக ஏறுவதைவிட, மழைத்துளி தெறித்து இலையில் ஒட்டும் மண்ணும், கிழங்கின் தோலில் ஒட்டும் மண்ணும்தான் அதிக ஈயத்தை வீட்டுக்குள் கொண்டுவரும். எத்தனை தடவை அலசினாலும் கீரையின் மடிப்புகளில் கொஞ்சம் தங்கிவிடும்.

இனி மண்ணுக்கு வருவோம். நம் வீடுகளில் அசுத்தம் என்றால் உடனே நினைவுக்கு வருவது நஜீஸ். கிராமத்து அரபி ஒருவர் பள்ளிவாசலுக்குள் சிறுநீர் கழித்துவிட்ட சம்பவம் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. சஹாபாக்கள் அவரைத் தடுக்க எழுந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவரை விட்டுவிடச் சொல்லி, அந்த இடத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றச் செய்தார்கள். நஜீஸ் பட்ட தரை தண்ணீர் ஊற்றினால் சுத்தமாகும் என்று நமது ஷாஃபிஈ மத்ஹபில் படித்துக் கொடுப்பதற்கு இதுவே ஆதாரம். இந்தப் பழக்கத்தில்தான் பலர், ஈயம் சிந்திய இடத்தையும் நன்றாகக் கழுவிவிட்டோம், இரண்டு மாரி மழையும் பெய்துவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஈயம் நஜீஸ் அன்று. ஃபிக்ஹின் கணக்கில் அந்த மண் தாஹிர்தான். பிள்ளையின் வாய்க்குத்தான் அது நஞ்சு. தண்ணீரால் அது போகாது. வெயிலில் காய்ந்தும், நெருப்பில் எரிந்தும், காலம் சென்று உக்கியும் போகாது. சருகு உக்கும், எலும்பு கூட உக்கும்; ஈயம் ஒரு மூலகம், அது வேறொன்றாக மாறுவதில்லை.

அரபியில் ஈயத்துக்கு ரஸாஸ் என்று பெயர். ஸூரத்துஸ் ஸஃப்ஃபில், அணிவகுத்து நிற்பவர்களை உறுதியான கட்டடத்துக்கு ஒப்பிடும் இடத்தில் ‘மர்ஸூஸ்’ என்ற சொல் வருகிறது. ஈயம் வார்த்து இறுக்கியது என்று அதற்குப் பொருள் சொன்ன முஃபஸ்ஸிர்களும் உண்டு. அந்தக் காலத்தில் கல்லோடு கல்லைப் பிணைக்க ஈயத்தை உருக்கி ஊற்றுவார்கள். மண்ணிலும் அதன் குணம் அப்படித்தான். களியிலும் உக்கிய இலைகுழையிலும் பற்றிக்கொண்டால் எளிதில் விடாது. யாரும் கொத்திப் புரட்டாவிட்டால், மேலே உள்ள ஒரு சாண் மண்ணுக்குள்ளேயே பத்து வருடமும் கிடக்கும், ஐம்பது வருடமும் கிடக்கும். பிள்ளையின் கை படுவதும் அந்த மேல் மண்ணில்தான்.

துறைமுகத்தை அண்டி வாழும் நமக்கு ஈயம் புதிய சாமானும் இல்லை. திருகோணமலை 1957 வரை பிரித்தானியரின் கடற்படைத் தளமாக இருந்தது. அந்தக் காலத்துக் கப்பல்களில் இரும்பு துருப்பிடிக்காமல் அடித்த செந்நிறப் பெயின்ட் ஈயத்தால் செய்யப்பட்டது. 2002 வரை நம் நாட்டுப் பெற்றோலிலும் ஈயம் கலந்திருந்தது. வீட்டுக்கு அடிக்கும் பெயின்ட்டில் ஈயத்துக்கு அளவு வைத்துச் சட்டம் வந்தது 2011இல். அது நடைமுறைக்கு வந்தது 2013இல். ஆகவே அதற்கு முந்திய பழைய கதவு, ஜன்னல், வள்ளம் ஆகியவற்றைக் காய்ந்தபடியே தேய்த்துச் சுரண்டினால் அந்தத் தூளும் முற்றத்து மண்ணில்தான் சேரும்.

இருந்தாலும் பற்றரி வேலையோடு ஒப்பிட்டால் இவையெல்லாம் சிறிது. ஒரு கார் பற்றரிக்குள் 8 முதல் 10 கிலோ வரை ஈயம் இருக்கிறது. அதில் கால் கிலோ சிந்தினால் போதும், ஒரு மீற்றர் நீளம் ஒரு மீற்றர் அகலமான இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு மண் கெட்டுவிடும். தகட்டில் அப்பியிருக்கும் அந்தச் சாம்பல் நிறப் பசை காய்ந்து தூளானால் கண்ணுக்கே தெரியாது.

இந்தத் தூள் பிள்ளையின் உடம்புக்குள் போனால் என்ன செய்யும்? சுண்ணாம்புச் சத்தைப் போல வேஷம் போட்டு உள்ளே நுழைந்து எலும்பில் குடியேறும். மூளை வளரும் வயதில் அதன் வளர்ச்சியைக் கெடுக்கும். பாடம் மனதில் நிற்காது, ஓரிடத்தில் இருக்க முடியாது, எதற்கெடுத்தாலும் கோபம் வரும். பிள்ளை மக்கு, குழப்படிக்காரன் என்று நாம் அடிப்போம். பெரியவர்கள் உட்கொள்ளும் ஈயத்தில் உடம்பில் சேர்வதைப்போல நான்கைந்து மடங்கு சிறு பிள்ளையின் உடம்பில் சேர்ந்துவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இவ்வளவு வரை பயமில்லை என்று சொல்லக்கூடிய ஓர் அளவே கிடையாது என்பதும் அதே நிறுவனத்தின் கூற்றுத்தான். உலகில் மூன்று பிள்ளைகளில் ஒருவருக்கு, சுமார் 80 கோடிப் பேருக்கு, இரத்தத்தில் கவலைப்படவேண்டிய அளவு ஈயம் இருக்கலாம் என்று 2020இல் யுனிசெஃப் அறிக்கை வெளியிட்டது.

தாய்மார் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று உண்டு. சிறு வயதில் உங்கள் எலும்பில் போய்த் தங்கிய ஈயம், நீங்கள் கர்ப்பமாக இருக்கும்போது கரைந்து இரத்தத்தில் வந்து வயிற்றுப் பிள்ளையையும் எட்டும்.

சுர்மாவைப் பற்றியும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை. கடையில் சுர்மா என்று விற்கும் கறுப்புத் தூள் பலவற்றில் இருப்பது ஈயம் கலந்த ஒரு கல்லின் பொடி. ஹதீஸில் வருவது இஸ்மித். பெயர் ஒன்றாக இருப்பதால் சாமானும் ஒன்றாகிவிடாது. கைக்குழந்தையின் கண்ணில் அதைப் பூசுவதை நிறுத்துங்கள். விரிவாக இன்னொரு மாதம் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.

மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுத் தலைநகர் டக்காரின் ஓரத்தில், தியாரோயே என்று ஒரு கடற்கரை ஊர் இருக்கிறது. நம்மவர்களைப் போலவே கலிமாச் சொன்ன மக்கள், கடலை நம்பிய குடும்பங்கள். அங்கே பழைய பற்றரிகளை உடைத்து ஈயம் எடுப்பது வருடக்கணக்காக நடந்தது. ஈயத்தின் விலை ஏறியபோது, மண்ணுக்குள் கிடந்த துண்டுகளையும் விடக்கூடாது என்று பெண்கள் அந்த மண்ணை அள்ளிச் சலித்தார்கள். நாலு காசு கிடைக்கும் என்றுதான். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அந்த ஊரில் 18 குழந்தைகள் மௌத்தானார்கள். என்ன நோய் என்று முதலில் யாருக்கும் விளங்கவில்லை. வலிப்பு வந்தது, பிறகு போய்விட்டார்கள்.

நைஜீரியாவின் வடக்கே ஸம்ஃபாரா மாநிலத்தில் 2010இல் நடந்தது இதைவிடப் பெரியது. தங்கம் கலந்த கல்லை வீட்டு வளவுக்குள் கொண்டுவந்து உடைத்து, மா அரைக்கும் யந்திரத்தில் அரைத்தார்கள். அந்தக் கல்லில் ஈயமும் இருந்தது. 400க்கும் மேற்பட்ட பிள்ளைகளை அந்தக் கிராமங்கள் அடக்கம் செய்தன.

இரண்டு ஊர்களிலும் மண்ணைச் சுத்தம் செய்தது எப்படி தெரியுமா? கெட்ட மண்ணை வெட்டி அள்ளி அகற்றினார்கள். ஸம்ஃபாராவில் அப்படி அள்ளிய இடத்தில் நல்ல மண் கொண்டுவந்து போட்டார்கள். யாரும் கடுகு விதைத்துவிட்டுக் காத்திருக்கவில்லை.

அப்படியானால் மகள் கேட்டு வந்தது பொய்யா? பொய்யில்லை. பாதி உண்மை.

சில செடிகளுக்கு மண்ணிலிருந்து உலோகத்தை இழுத்து இலையில் சேர்த்துவைக்கும் குணத்தை அல்லாஹ் கொடுத்திருக்கிறான். இதைப் பார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை. அம்பாந்தோட்டைப் பக்கம் கடலோரத்தில் உஸ்ஸங்கொட என்று ஒரு செம்மண் வெளி உண்டு. அந்த மண்ணில் நிக்கல் அதிகம். மரம் வளராமல் புல்லும் குட்டைச் செடிகளுமாகக் கிடக்கும். அங்கே முளைக்கும் ஓரிதழ் தாமரை, வைத்தியர்கள் மருந்துக்குப் பறிக்கும் அதே சிறு செடி, நிக்கலை இழுத்துத் தன் இலையில் நிறைத்து வைத்துக்கொள்வதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆர்சனிக்கை அப்படி இழுக்கும் ஒரு வகைப் பன்னத்தை 2001இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கண்டுபிடித்தார்கள். சூரியகாந்தியின் கதையும் உண்மைதான். செர்னோபில் அணு உலை விபத்து நடந்த இடத்துக்கு அருகே ஒரு குளத்தில், 1990களில், மிதவையில் சூரியகாந்தி வளர்த்துத் தண்ணீரிலிருந்த கதிர்வீச்சுப் பொருட்களை வேரால் இழுக்க வைத்தார்கள். ஆனால் அது குளத்துத் தண்ணீர். தண்ணீரில் கரைந்து கிடப்பதை வேர் இழுக்கலாம். மண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும் ஈயத்தை இழுப்பது எப்படி?

அதையும் முயன்று பார்த்தார்கள். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இல்யா ராஸ்கின் என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் எடுத்துக்கொண்ட செடி, நாம் கறிக்குத் தாளிக்கிற அதே கடுகு இனம். நியூ ஜேர்ஸியின் ட்ரென்டன் நகரில், முன்னர் பற்றரி செய்த தொழிற்சாலை இருந்த நிலத்தில், 1990களின் பிற்பகுதியில் அதை விதைத்தார்கள். சும்மா விதைத்தால் ஈயம் ஏறாது என்பதால், ஈயத்தை மண்ணிலிருந்து பிடுங்கிக் கரைக்கும் இ.டி.டி.ஏ. என்ற இரசாயனத்தை மண்ணில் ஊற்றினார்கள். ஈயம் செடியில் ஏறியது. ஆனால் கரைந்த ஈயம் முழுவதும் வேருக்கே போய்ச் சேராதே. மீதி மழையோடு கீழே இறங்கும் என்று பிறகு பல ஆய்வுகளில் தெரியவந்தது. நமது கரையோரத்து மணல் நிலத்தில், பத்துப் பன்னிரண்டு முழத்தில் கிணற்றுத் தண்ணீர் இருக்கும் வளவில், அந்த வேலையை நினைத்துப் பார்க்கவே கூடாது.

இரசாயனம் இல்லாமல் கடுகை மட்டும் நம்பினால் எத்தனை காலம் பிடிக்கும்? கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு சாண் ஆழ மண் சுமார் 260 கிலோ நிறை. ஒரு கிலோ மண்ணில் 1000 மில்லிகிராம் ஈயம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பற்றரி உருக்கிய இடத்தில் இது பெரிய அளவும் இல்லை. மொத்தம் 260 கிராம் ஈயம். பிள்ளைகள் விளையாடும் மண்ணுக்கு அமெரிக்காவில் நெடுங்காலம் 400 மில்லிகிராம் என்று வைத்திருந்த அளவை 2024இல் 200 ஆகக் குறைத்தார்கள். அந்த 200க்கு வருவதற்கு 208 கிராம் ஈயத்தை வெளியே எடுக்க வேண்டும். ஒரு போகத்தில் அந்த இடத்தில் காய்ந்த செடி ஒரு கிலோ கிடைத்து, அதில் 100 மில்லிகிராம் ஈயம் ஏறியிருந்தால், அதுவே தாராளமான கணக்கு. 208 கிராம் எடுக்க 2080 போகம். வருடத்துக்கு மூன்று போகம் என்றாலும் ஏறக்குறைய 700 வருடம்! பிள்ளைகளுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது.

அப்படியென்றால் செடி நடுவதில் பயனே இல்லையா என்று கேட்பீர்கள். பெரிய பயன் உண்டு, ஆனால் அது வேறு பயன். ஈயத்தை வெளியே எடுப்பதற்குச் செடியை நம்பாதீர்கள். ஈயத்தை அது கிடக்கும் இடத்திலேயே அடக்கி வைப்பதற்கு நம்புங்கள். வெறும் தரைதான் ஆபத்து. காற்றில் தூசு பறக்கிறது, மழையில் சேறு ஓடுகிறது, பிள்ளையின் கால் அதை வீட்டுக்குள் கொண்டுவருகிறது. தரையைப் புல் மூடிவிட்டால் இந்த மூன்றும் குறையும்.

இதற்கு நம் பக்கத்துக்கு ஏற்றது வெட்டிவேர். சிங்களத்தில் சவந்தரா என்பார்கள். வேர் நேரே கீழ்நோக்கி மூன்று நான்கு மீற்றர் வரைகூட இறங்கும். ஈயம் மிகுந்த மண்ணிலும் சாகாது. எடுத்துக்கொண்ட ஈயத்தில் பெரும்பகுதியை வேரிலேயே வைத்துக்கொள்ளும், மேலே இலைக்குக் கொஞ்சமே அனுப்பும். கெட்ட இடத்தின் ஓரத்தில், குறிப்பாகத் தண்ணீர் ஓடும் பக்கத்தில், நெருக்கமாக ஒரு வரிசை நட்டால் மண் அரித்துக் கிணற்றடிக்குப் போகாது. நடுவே அறுகம்புல் விரித்துவிடலாம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். அந்த வெட்டிவேரைப் பிறகு பிடுங்கி, வாசத்துக்காகக் குடிதண்ணீர்ப் பானையில் போடக்கூடாது, மருந்துக்கடைக்கு விற்கவும் கூடாது.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ மிருகமோ உண்டால் அது அவருக்கு ஸதகா என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் எல்லோரும் அறிவோம். ஆனால் இந்த முற்றத்துச் செடியை யாருக்கும் உண்ணக் கொடுக்காமல் இருப்பதுதான் ஸதகா. ஊர் ஆடு மேயாமல் வேலி அடையுங்கள். கோழியையும் அங்கே கிளற விடாதீர்கள். அந்த மண்ணைக் கொத்தும் கோழியின் முட்டையிலும் ஈயம் ஏறும். வெட்டிய புல்லை எரிக்கவும் வேண்டாம், மாட்டுக்குப் போடவும் வேண்டாம்.

உருக்கிய அடுப்பு இருந்த இடத்துக்குப் புல் மட்டும் போதாது. அங்கே மண்ணைக் கிளறாமல், மேலே கனத்த தார்ப்பாய் விரித்து, அதன்மேல் வேறு இடத்து நல்ல மண் முக்கால் அடி ஒரு அடி உயரத்துக்குப் போட்டு மூடுங்கள். வசதி இருந்தால் சீமெந்து போட்டுவிடுவது அதைவிட நல்லது. மண்ணை வெட்டி அகற்றத்தான் வேண்டும் என்றால் நீங்களே அள்ளிக் களப்பிலோ வெறும் வளவிலோ கொட்டிவிடாதீர்கள். பி.எச்.ஐ.யிடம் சொல்லுங்கள், மத்திய சுற்றாடல் அதிகார சபையிடம் கேட்டுச் செய்ய வேண்டிய வேலை அது. தனக்கும் தீங்கு கூடாது, பிறருக்கும் தீங்கு செய்யக்கூடாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படைச் சட்டங்களில் ஒன்று. நம் முற்றத்தைச் சுத்தம் செய்து அடுத்த வீட்டு முற்றத்தைக் கெடுப்பது அந்தச் சட்டத்துக்குள் அடங்காது. கர்ப்பமாக இருக்கும் சகோதரிகள் இந்த வேலையின் பக்கமே போகக் கூடாது.

கீரை, மிளகாய், தக்காளி வேண்டுமென்றால் பெரிய சாடியிலோ உரப்பையிலோ வெளியிலிருந்து கொண்டுவந்த மண்ணை நிரப்பி நடுங்கள்.

மீன்முள்ளிலும் ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவின் ஓக்லண்ட் துறைமுகத்துக்கு அருகே சவுத் பிரெஸ்காட் என்ற குடியிருப்பில், 2011இல், அரசாங்கமே மீன்முள்ளை அரைத்துத் தூளாக்கி வீட்டு முற்றங்களின் மண்ணில் கலந்து, மேலே நல்ல மண்ணும் புல்லும் போட்டது. முள்ளில் உள்ள பொஸ்பேற்று ஈயத்தோடு சேர்ந்து கல் போன்ற ஒரு பொருளாகிவிடும். அது வயிற்றுக்குள் போனாலும் எளிதில் கரையாது. துறைமுகப் பட்டினங்களில் மீன்முள்ளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் அது மண்ணை அளந்து, கலக்கும் அளவைத் தெரிந்தவர்கள் செய்த வேலை. நாம் குசினி முள்ளைப் புதைத்தால் நாயும் காகமும் வந்து கிளறி, அடங்கிக் கிடந்த மண்ணையும் மேலே கொண்டுவந்துவிடும். இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தனியாகச் செய்து பார்க்க வேண்டாம்.

தினமும் செய்யக்கூடியவை சில. முற்றம் கூட்டுமுன் தண்ணீர் தெளியுங்கள். நம் மூத்தம்மாமார் செய்ததுதான். காய்ந்த தரையில் விளக்குமாறு போட்டால் தூசு முழுவதும் பிள்ளையின் மூக்குக்குப் போகும். வீட்டுக்குள் ஈரத்துணியால் துடையுங்கள். செருப்பு வாசலுக்கு வெளியே நிற்கட்டும். சாப்பிடுமுன் பிள்ளைகளின் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், நகத்தை வெட்டி விடுங்கள். இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகமாக இழுக்கும். ஆகவே முள்ளோடு உண்ணும் நெத்தலி, பால், தயிர், அயல் வளவில் பறித்த முருங்கை இலை இவற்றை அடிக்கடி கொடுங்கள். பசி வயிற்றோடு பிள்ளையை முற்றத்தில் விடாதீர்கள்.

மூன்று பிள்ளைகளையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்று, வீட்டில் பற்றரி உருக்கிய விஷயத்தை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லி, இரத்தத்தில் ஈயம் பார்க்கக் கேளுங்கள். நீங்களாகச் சொல்லாவிட்டால் எந்த டொக்டருக்கும் அது நினைவில் வராது. மண்ணைச் சோதிக்க கொழும்பில் ஐ.டி.ஐ. என்ற கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் இருக்கிறது.

இனி மாமா விஷயம். மருமகள் வாயால் இதைச் சொன்னால் அவருக்கு மனம் நோகும் என்று அஞ்சுவது நியாயமான அச்சம்தான். ஆனால் அது உங்கள் கணவர் செய்ய வேண்டிய வேலை. தன் வாப்பாவிடம் மரியாதையாகத் தனியே பேச வேண்டியவர் அவர்தான். அவருக்கும் தயக்கம் என்றால் உங்கள் மஹல்லாப் பள்ளி இமாமிடம் சொல்லுங்கள். குற்றம் சொல்லும் பேச்சாக அது இருக்கக் கூடாது. அந்த மனிதர் அந்த ஈயக்குண்டைக் கட்டிய வலையால்தான் இத்தனை காலம் குடும்பத்தைத் தாபரித்தார். ஈயப் புகையை எல்லோரையும்விட அதிகமாகக் குடித்தவரும் அவர்தான். அவருடைய இரத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளின் பெயரைச் சொன்னால் எந்த மூத்தவாப்பாவும் இறங்கி வருவார்.

அவர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான் இருக்கும்: ஈயக்குண்டுக்கு எங்கே போவது? வலைச்சாமான் கடைகளில் வார்த்த குண்டு கிடைக்கிறது. பழைய பற்றரியை உடைக்காமல் முழுதாக, அனுமதி பெற்று வாங்கும் வியாபாரியிடம் கொடுத்தால் வரும் காசு அந்தச் செலவில் ஒரு பங்கைத் தாங்கும். உருக்கிய தாச்சி, அகப்பை, அச்சு மூன்றையும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுங்கள். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அந்தத் தாச்சி மீண்டும் குசினிக்குப் போகக் கூடாது. பாவிக்கக்கூடிய சாமான்தானே என்று ஏழை வீடு ஒன்றுக்குக் கொடுத்துவிடவும் கூடாது.